முதல் பிஸ்டல் எதை வாங்குவது? வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் எங்கள் பதில்களும்

குறிபார்த்துச் சுடும் விளையாட்டைப் பற்றி சென்ற இதழில் ஒரு சின்னக் குறிப்பு போட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ராயபுரத்துக்கு வடக்கே இருந்து வந்தவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: யூடியூபில் பார்க்கும் வீடியோ எல்லாவற்றிலும் முதலில் பாயின்ட் டூ டூ வாங்கு, இல்லாவிட்டால் நைன் எம்.எம். வாங்கு என்கிறார்கள். எனக்கு வயது 32. ஞாயிற்றுக்கிழமைகளில் டார்கெட் சுட்டுப் பழக ஆசை, வேறு எண்ணம் எதுவும் இல்லை. எதில் தொடங்கலாம்? (வாசகர், தண்டையார்பேட்டை)

அந்த வீடியோ எடுத்த நாட்டில் அது சரியான யோசனையாக இருக்கலாம். இரண்டும் தோட்டாவின் அளவைச் சொல்லும் பெயர்கள். இங்கே நைன் எம்.எம். தடை செய்யப்பட்ட ரகம், அதை மறந்துவிடுங்கள். பாயின்ட் டூ டூ பிஸ்டலுக்கு ஆயுத லைசென்ஸ் வேண்டும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், உங்கள் பகுதி எந்தப் போலீஸ் கமிஷனரேட்டில் வருகிறதோ அங்கே விண்ணப்பிக்க வேண்டும், விசாரணை நடக்கும், எதற்கு வேண்டும் என்பதற்குத் தக்க காரணம் காட்ட வேண்டும். 'ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்கு' என்று எழுதிக் கொடுத்தால் வேலைக்கு ஆகாது. கிளப்பில் சேர்ந்து, போட்டிகளில் சுட்டு, ஸ்கோர் ஷீட்டோடு போய்க் கேட்பவர்களுக்கான பாதை அது. இன்னும் சில வருடம் கழித்து யோசித்துக்கொள்ளலாம்.

நீங்கள் தொடங்க வேண்டியது 10 மீட்டர் ஏர் பிஸ்டலில். குழல் 4.5 மி.மீ., அதாவது பாயின்ட் ஒன் செவன் செவன். குழல் இந்த அளவுக்கும் சக்தி 20 ஜூலுக்கும் மிகாத ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டல் சுமார் அரை கிராம் ஈயக் குண்டை, அதாவது பெல்லட்டை, விநாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது. கணக்குப் போட்டால் ஐந்தரை ஜூல்தான் வரும். வரம்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கடைக்காரர் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கேட்பார், கொடுங்கள். சீரியல் நம்பர் போட்ட பில்லை வாங்காமல் வராதீர்கள். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

லைசென்ஸ் வேண்டாம் என்பதால் இது பொம்மை என்று நினைத்துவிடக் கூடாது. ஐந்து ஜூல் ஒரு கண்ணைப் போக்கப் போதும். முதல் நாளிலிருந்தே மூன்று பழக்கம் கைக்கு வர வேண்டும்: குழல் எப்போதும் டார்கெட் பக்கம், குறிபார்க்க உதவும் சைட்டைக் குறியில் வைக்கும்வரை விரல் ட்ரிகருக்கு வெளியே, கீழே வைக்கும்போது பெல்லட் வைக்கும் வாயான லோடிங் கேட் திறந்து, குழலுக்குள் ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கயிறு.

இன்னொன்று. உடனே வாங்காதீர்கள். தமிழ்நாடு ஷூட்டிங் அசோசியேஷனோடு இணைந்த ஏதாவது ஒரு கிளப்பில் சேர்ந்து, கிளப் பிஸ்டலில் இரண்டு மூன்று மாதம் சுடுங்கள். எது உங்கள் கைக்கு ஒத்துவருகிறது, எது ஒத்துவரவில்லை என்பது அதற்குள் தெரிந்துவிடும். கடையில் பத்து நிமிடம் தூக்கிப் பார்த்தால் எல்லா பிஸ்டலும் நன்றாகத்தான் இருக்கும்.

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ஆறு மாதமாகக் கிளப் பிஸ்டலில் சுடுகிறாள். சொந்தமாக வாங்கிக் கொடுங்கள் என்று கோச் சொல்கிறார். லட்சக்கணக்கில் சொல்கிறார்கள். வால்தரா, ஸ்டெயரா, மொரினியா என்று ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். எதைப் பார்த்து முடிவு செய்வது? (வாசகி, பெரம்பூர்)

அம்மா, பெயரைக் கடைசியில் பாருங்கள். வால்தர், ஸ்டெயர், மொரினி, ஃபைன்வெர்க்பாவ், பார்டினி இவற்றில் எது வாங்கினாலும் 10 மீட்டரில் பெல்லட்டை ஒரே ஓட்டைக்குள் போடும். உங்கள் மகளுடைய கை அந்த அளவுக்கு வர இன்னும் பல வருடம் ஆகும். முதலில் பார்க்க வேண்டியது கிரிப் என்ற கைப்பிடி, பிறகு எடை, பிறகு ட்ரிகர்.

கிரிப் எக்ஸ்ட்ரா ஸ்மால், ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று அளவு வாரியாகவும், வலது கை, இடது கை என்று தனித்தனியாகவும் வருகிறது. பதின்மூன்று வயதுக் கைக்கு அநேகமாக ஸ்மாலோ அதற்கும் சின்னதோதான் சரிப்படும். "வளர்ற பொண்ணு, மீடியம் வாங்கிக்கலாம்" என்று பள்ளிச் சட்டை வாங்குவது போல வாங்கிவிடாதீர்கள். பெரிய கிரிப்பில் ஆள்காட்டி விரல் ட்ரிகரை எட்டாது. எட்டுவதற்காகக் கை பக்கவாட்டில் சுழலும். அப்போது குழல் முழங்கையின் நேர்கோட்டை விட்டு விலகிவிடும். அந்த விலகலை மணிக்கட்டை வளைத்துச் சரிக்கட்டக் குழந்தை தானாகவே பழகிக்கொள்ளும். பிறகு அதை மாற்ற ஒரு வருடம் பிடிக்கும். கிரிப் தனியாகவும் கிடைக்கும். இன்று ஸ்மால் போட்டு, கை வளர்ந்ததும் கிரிப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

சரிபார்ப்பது இப்படி. பிஸ்டலைக் காலி செய்து கையில் பிடிக்கச் சொல்லுங்கள். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள வளைவு கிரிப்பின் மேல் விளிம்புக்கு அடியில் இடைவெளி இல்லாமல் போய் உட்கார வேண்டும். விரல் நுனிக்கும் முதல் மடிப்புக்கும் நடுவில் இருக்கும் சதை ட்ரிகரில் பட வேண்டும். விரலின் பக்கவாட்டு மரத்தை உரசக் கூடாது. நடுவில் ஒரு காகிதத்தைச் செருகினால் தடையில்லாமல் போய்வர வேண்டும். உரசினால், ட்ரிகரை இழுக்கும்போது விரல் மரத்தையும் தள்ளும். ஷாட் பக்கவாட்டில் போகும். உள்ளங்கைக்குக் கீழே இருக்கும் பாம் ஷெல்ஃப் கையைத் தாங்கினால் போதும், நெருக்கக் கூடாது. கையைப் போட்டு எடுக்கும்போது எங்கேயும் சிக்கினால் அதைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள்.

இனி கண்ணை மூடச் சொல்லுங்கள். கையை டார்கெட் உயரத்துக்கு உயர்த்தி, இரண்டு முறை மூச்சு விட்டு, கண்ணைத் திறக்கட்டும். பின்னால் இருக்கும் ரியர் சைட் வெட்டுக்கு நடுவில், குழல் முனைப் பக்கம் இருக்கும் ஃப்ரண்ட் சைட் வந்து நின்றால் கிரிப் பொருந்துகிறது. ஒவ்வொரு முறையும் இடது ஓரத்திலோ வலது ஓரத்திலோ மேலேயோ நின்றால் கிரிப்பின் கோணத்தை மாற்ற வேண்டும். நல்ல மாடல்களில் அதற்கென்று ஸ்குரூ இருக்கிறது. ஸ்குரூ பத்தவில்லை என்றால் மரத்தைத் திருத்தலாம். எண்பதாம் நம்பர் உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ப்பார்கள், குறைகிற இடத்தில் மர மக்கு வைத்துக் கையை அழுத்தி அச்சு எடுப்பார்கள். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே முதல் தடவை கோச் பக்கத்தில் இருக்கட்டும்.

எடை. போட்டி விதி 1500 கிராம் வரை அனுமதிக்கிறது. பெரும்பாலான பிஸ்டல் 850 முதல் 1000 கிராமுக்குள் இருக்கும். ஒரு போட்டியில் 60 ஷாட். குறி சரியில்லை என்று சுடாமல் இறக்குவதையும் சேர்த்தால் நூறு தடவைக்கு மேல் ஒரே கையால் தூக்க வேண்டியிருக்கும். கடையில் 20 தடவை தூக்கி, ஒவ்வொரு முறையும் பத்து விநாடி பிடித்து இறக்கச் சொல்லுங்கள். கடைசி ஐந்தில் குழல் முனை தொங்கினால் அந்த பிஸ்டல் அவளுக்குக் கனம். அதே கம்பெனிகளில் நீளம் குறைந்த, எடை குறைந்த மாடலும் வருகிறது. எடைத் துண்டுகளைக் கழற்றிப் பூட்டுகிற மாடல் இன்னும் நல்லது; தோள் வலுப்படும்போது ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம்.

ட்ரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும் என்பது விதி. குழலை மேல்நோக்கி நிறுத்தி, 500 கிராம் எடைக்கல்லை ட்ரிகரில் தொங்கவிட்டுத் தூக்குவார்கள். விடுபட்டுவிட்டால் பிஸ்டல் தேறாது. சரியாக 500-ல் வைத்தால் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் காலை வாரும். 520-ல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்ட ட்ரிகரில் முதல் கட்டம் சுமார் 350 கிராம், மீதி இரண்டாவதில் என்று வைத்தால் "இதோ இங்கே நிற்கிறேன்" என்று விரலுக்குத் தெளிவாகத் தெரியும்.

எலக்ட்ரானிக் ட்ரிகரா, மெக்கானிகலா என்ற சண்டையில் நீங்கள் தலையிட வேண்டாம். எலக்ட்ரானிக் மென்மையாக விடும், ஆனால் பேட்டரியும் சர்க்யூட்டும் உண்டு. மெக்கானிகலை ஒரு சின்ன அலென் கீ வைத்தே சரிசெய்யலாம். பழுது எதற்கும் வரும். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவிலேயே மக்கர் செய்து, விலைமதிப்பில்லாத நிமிடங்கள் போயின; 575 புள்ளியோடு 12-ஆம் இடம்தான் கிடைத்தது. 2024-இல் பாரிஸில் அதே போட்டியில் வெண்கலம் வாங்கினார் என்பது வேறு விஷயம். முதல் பிஸ்டல் வாங்குபவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இதுதான்: காற்று கசியாமல் தடுக்கும் சீல் போனால் சென்னையிலேயே மாற்றித் தர ஆள் உண்டா, உதிரி பாகம் கையிருப்பில் இருக்கிறதா? "மும்பைக்கு அனுப்பணும், ரெண்டு மாசம் ஆகும்" என்ற பதில் வந்தால் அடுத்த பெயரைப் பாருங்கள்.

கேள்வி: கடையில் நிஜத் துப்பாக்கி மாதிரியே இருக்கிற சி.ஓ.டூ பிஸ்டலைக் காட்டினார்கள். விலையும் குறைவு. பயிற்சிக்கு ஆகுமா? (வாசகர், ராயபுரம்)

ஆகாது. முதல் காரணம், நிஜம் மாதிரியே இருப்பதுதான். பையிலிருந்து எடுக்கும்போது பீட் போலீஸ்காரர் பார்த்தால், அது பெல்லட் துப்பாக்கி என்று விளக்கும் நிலையில் அப்போது நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

இரண்டாவது காரணம் நம் ஊர் வெயில். சி.ஓ.டூ என்றால் கார்பன் டை ஆக்ஸைடு. அது குப்பிக்குள் திரவமும் ஆவியுமாக இருக்கிறது, அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு. 20 டிகிரியில் சுமார் 57 பார் என்றால், 30 டிகிரியில் 72 பார். 31 டிகிரிக்கு மேல் உள்ளே திரவம் என்று தனியாக ஒன்று இருப்பதே இல்லை. சென்னையில் வருடத்தில் பாதி நாள் மதியம் அதற்கு மேலேதான். காலை ஏழு மணிக்கு சைட் வைத்தால் பதினோரு மணிக்குக் குறி மாறியிருக்கும். அடுத்தடுத்து வேகமாகச் சுட்டால் வாயு விரிந்து குப்பி குளிர்ந்துபோகும், அப்போது ஷாட் கீழே இறங்கும். தப்பு கையிலா, குப்பியிலா என்று தெரியாமலே பழகுவீர்கள்.

குழலை மடக்கி லோடு செய்யும் ஸ்பிரிங் பிஸ்டல் மலிவு, உறுதி. ஆனால் உள்ளே பிஸ்டன் முன்னால் பாயும்போது பிஸ்டலே துள்ளும், பெல்லட் குழலை விட்டுப் போகும் முன்பே. பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டன் தலை முட்டி உடையும். ஆகவே ட்ரை ஃபயர், அதாவது பெல்லட் இல்லாமல் ட்ரிகரை மட்டும் இழுத்துப் பழகும் பயிற்சிக்கும் உதவாது. பட்ஜெட் இடித்தால், ஒரே ஒரு முறை நெம்புகோலை அழுத்திக் காற்றேற்றும் ரகம் பழையதாகக் கிடைத்தாலும் எடுக்கலாம். ரஷ்யாவின் பைக்கால் ஐ.இசட்.எச்.46 அப்படிப்பட்டது. அழுத்தம் ஒவ்வொரு முறையும் ஒன்றே, சிலிண்டர் தொல்லையும் இல்லை. நெம்புகோல் கடினம் என்பதால் சின்னப் பிள்ளைகளுக்கு ஒத்துவராது. மற்றவர்களுக்கு, காசு இருந்தால், முன்பே காற்று நிரப்பிய சிலிண்டர் ரகம்தான்.

கேள்வி: சிலிண்டர் பிஸ்டலுக்கு 200 பார் காற்று வேண்டும் என்கிறார்கள். எங்கள் பட்டறையில் வெல்டிங் ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறது. அடாப்டர் செய்து அதிலிருந்தே ஏற்றிக்கொள்ளலாமா? (வாசகர், கொருக்குப்பேட்டை)

கூடவே கூடாது. பிஸ்டலுக்குள் இருக்கும் சீல்களும், அவற்றில் தடவிய கிரீஸும், ரப்பர் வளையங்களும் அழுத்தமான ஆக்ஸிஜனில் தீப்பிடிக்கும். தீப்பொறிகூட வேண்டாம்; வால்வு திறந்து வாயு வேகமாகப் பாயும்போது எழும் சூடே போதும். சிலிண்டர் கையிலேயே வெடிக்கும், அதுவும் முகத்துக்கு ஓரடி தூரத்தில். பட்டறையில் ஆக்ஸிஜன் ரெகுலேட்டரில் எண்ணெய்க் கை வைக்கக் கூடாது என்று உங்களுக்கே தெரியும், அதே காரணம்தான். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் ஏற்றலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அது பத்து பார் அளவில் நின்றுவிடும், ஆபத்தும் இல்லை, பயனும் இல்லை.

நல்ல வழி, கிளப்பில் இருக்கும் ஸ்கூபா டேங்க், அதாவது கடலில் மூழ்குபவர்கள் முதுகில் மாட்டும் காற்று சிலிண்டர். அதுவும் இல்லாதவர்கள் மூன்று அடுக்கு ஹேண்ட் பம்ப் வாங்கலாம். அதில் இரண்டு சங்கதி உண்டு. ஐந்து நிமிடம் அடித்தால் பத்து நிமிடம் ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் பம்பின் சீல் உருகும். நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். அழுத்தும்போது அது தண்ணீராகி சிலிண்டருக்குள் போகும். ஈரம் உறிஞ்சும் ஃபில்டர் இல்லாத பம்பை வாங்காதீர்கள். அடிக்கும்போது அவ்வப்போது கழிவு வால்வைத் திறந்து தண்ணீரை வெளியே விடுங்கள்.

மெதுவாக ஏற்றுங்கள். வேகமாக ஏற்றினால் சூட்டில் மீட்டர் 200 காட்டும், ஆறினதும் 180-க்கு இறங்கும். 200-ஐத் தாண்டவே கூடாது. ஒரு தடவை நிரப்பினால் நடுத்தரமாக 150 ஷாட்டுக்கு மேல் வரும். சிலிண்டரைக் கழற்றிவிட்டால் பிஸ்டல் காலி என்று நம்பாதீர்கள். உள்ளே தங்கிய காற்றில் இன்னும் ஒரு ஷாட் போகும்.

கேள்வி: ஒருவர் தன் பழைய ஸ்டெயரைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். எதையெல்லாம் பார்க்க வேண்டும்? (வாசகர், கொளத்தூர்)

முதலில் சிலிண்டரைத் திருப்பி அதன் மேல் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். தயாரித்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆன சிலிண்டரைப் போட்டியில் ஏற்கமாட்டார்கள், நீங்களும் நிரப்பக் கூடாது. புது சிலிண்டர் விலையைக் கேட்டுவிட்டு அதைப் 'பாதி விலை'யோடு கூட்டிப் பாருங்கள். சிலர் அங்கேயே திரும்பி வந்துவிடுவார்கள்.

அடுத்து, 200 பார் நிரப்பி, சூடு ஆறிய பிறகு மீட்டரை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு ஒரு ராத்திரி விட்டுவிடச் சொல்லுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் எங்கேயோ கசிகிறது. சீல் மாற்றுவது பெரிய செலவில்லை, ஆனால் விலையில் குறைக்கச் சொல்லக் காரணம் கிடைக்கும்.

ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே அழுத்தத்தில் காற்றைத் தரும் ரெகுலேட்டர் கெட்டிருப்பதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். பிஸ்டலை மணல் மூட்டை மேல் வைத்து ஐந்து ஷாட் சுடுங்கள். பத்து நிமிடம் ஓய்வு கொடுத்துவிட்டு ஆறாவது ஷாட் சுடுங்கள். அது மட்டும் தனியாக மேலே போனால், ஓய்வு நேரத்தில் ரெகுலேட்டர் காற்றைக் கசியவிட்டு அழுத்தம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். இதைச் செய்துபார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள். அந்த ஐந்து ஷாட்டும் ஒன்றுக்குள் ஒன்று விழுந்து ஒரே ஓட்டையாகத் தெரிய வேண்டும்.

குழல் முனையை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள், சின்ன வெட்டுக்காயம் இருந்தாலும் வேண்டாம். கிரிப் அவர் கைக்குச் செதுக்கியதாக இருக்கும். புது கிரிப் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய பில், சீரியல் நம்பர் எழுதிய விற்பனைச் சீட்டு, இருவர் அடையாளச் சான்று நகல் இவை மூன்றும் இல்லாமல் பணம் கைமாற வேண்டாம்.

கேள்வி: புது பிஸ்டல்தான். ஆனால் என் ஷாட்டெல்லாம் இடது கீழே ஏழாம், எட்டாம் வளையத்தில் போய் விழுகிறது. சைட்டை எவ்வளவு திருப்பினாலும் அடுத்த நாள் மறுபடி அதே கதை. பிஸ்டலில் கோளாறா? (வாசகர், வியாசர்பாடி)

நீங்கள் வலது கைக்காரர் என்று வைத்துக்கொள்கிறோம். அநேகமாக பிஸ்டலில் கோளாறு இல்லை. மணல் மூட்டை மேல் வைத்து ஐந்து ஷாட் சுட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒரு கணக்கு பாருங்கள். ஏர் பிஸ்டலில் ஃப்ரண்ட் சைட்டுக்கும் ரியர் சைட்டுக்கும் உள்ள தூரம் சுமார் 32 செ.மீ. டார்கெட் 10 மீட்டரில். ஃப்ரண்ட் சைட் ரியர் வெட்டுக்குள் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் டார்கெட்டில் 31 மி.மீ. விலகும். நடுவில் இருக்கும் பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ., ஏழாம் வளையத்தினுடையது 59.5 மி.மீ. ஆக, அந்த ஒரு மில்லிமீட்டர் பத்தை ஏழாக்கிவிடும். இப்போது இன்னொன்று: இரண்டு சைட்டும் நேராக இருக்க, கை முழுவதும் ஐந்து மில்லிமீட்டர் ஆடினால்? டார்கெட்டிலும் ஐந்தே மில்லிமீட்டர்தான். பெல்லட்டின் விளிம்பு பத்தாம் வளையத்தைத் தொட்டாலே பத்து என்பதால் அப்போதும் பத்துதான். கை ஆடுவதைப் பார்த்துப் பயந்து, "இப்போ நடுவில் இருக்கு" என்று ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கிறீர்கள். அந்த வெடுக்கில் ஃப்ரண்ட் சைட் இடது கீழே குத்துகிறது. ஆட்டத்தைவிட அதைப் பிடிக்கப் போகும் அவசரமே புள்ளியைத் தின்கிறது.

கண் ஃப்ரண்ட் சைட்டின் மேல் விளிம்பில் இருக்கட்டும். டார்கெட் மங்கலாகத் தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள் என்று பொருள். கறுப்பு வட்டத்தின் நடுவைக் குறிவைக்காமல், அதற்குக் கீழே கொஞ்சம் வெள்ளை விட்டுக் குறிவையுங்கள். கறுப்பில் கறுப்பு சைட் தெரியாது. பெல்லட் நடுவில் விழும்படி ரியர் சைட்டை வைத்துக்கொள்ளலாம். பத்து விநாடிக்குள் ஷாட் விடவில்லை என்றால் கையை இறக்குங்கள்.

பயிற்சிக்கு ஒரு வழி: நண்பரை லோடு செய்யச் சொல்லுங்கள். சில முறை பெல்லட் வைக்கட்டும், சில முறை வைக்காமல் கொடுக்கட்டும். எது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. பெல்லட் இல்லாத ஷாட்டில் ஃப்ரண்ட் சைட் முனை குதிப்பதை நீங்களே பார்ப்பீர்கள். ஒரு மாதம் தினமும் இருபது நிமிடம் வெள்ளைச் சுவரைப் பார்த்து ட்ரை ஃபயர் செய்யுங்கள், டார்கெட்டே வேண்டாம்.

சைட் திருகும்போது ஒரு எச்சரிக்கை. ஸ்குரூவில் இருக்கும் எழுத்தும் அம்புக்குறியும் சில ஜெர்மன் மாடல்களில் "ஷாட் இந்தப் பக்கம் போனால் இப்படித் திருப்பு" என்ற கணக்கில் இருக்கும், வேறு சிலவற்றில் "ஷாட்டை இந்தப் பக்கம் கொண்டுபோக" என்று இருக்கும். நம்பாதீர்கள். ஐந்து ஷாட் சுட்டு, நாலு க்ளிக் திருப்பி, மறுபடி ஐந்து சுட்டு எங்கே நகர்ந்தது என்று பார்த்து டைரியில் எழுதிவையுங்கள். ஒற்றை ஷாட்டைப் பார்த்துவிட்டு சைட்டில் கை வைக்கவே கூடாது.

கேள்வி: வயது 47. கண்ணாடி போட்டால் டார்கெட் தெரிகிறது, சைட் தெரியவில்லை. கழற்றினால் தலைகீழ். இனிமேல் தொடங்கலாமா? (வாசகர், புளியந்தோப்பு)

தாராளமாக. உங்கள் தூரப் பார்வைப் பவரோடு அரை அல்லது முக்கால் டயாப்டர் ப்ளஸ் சேர்த்து, குறிபார்க்கும் கண்ணுக்கு மட்டும் தனிக் கண்ணாடி போடச் சொல்லுங்கள். கண் மருத்துவரிடம் போகும்போது கண்ணிலிருந்து ஃப்ரண்ட் சைட் வரை உள்ள தூரத்தை டேப்பில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பைஃபோகல் கண்ணாடியோடு சுடாதீர்கள்; தலை கொஞ்சம் சாய்ந்தாலும் பவர் மாறிவிடும். மற்றக் கண்ணை இறுக்கி மூடவும் வேண்டாம், சின்ன அட்டை ஒன்றால் மறைத்தால் போதும்.

கேள்வி: மொட்டை மாடி 11 மீட்டர் நீளம் இருக்கிறது. அங்கேயே ரேஞ்ச் போடலாமா? (வாசகர், மாதவரம்)

திறந்த மாடியில் வேண்டாம். டார்கெட்டைத் தவறிய பெல்லட் கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் அடுத்த தெரு வரைக்கும் போகும். சுவரில் பட்டால் திரும்பி வரும். மாடியில் துணி காயப்போட எப்போது யார் ஏறுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? வீட்டுக்குள் நேர்கோட்டில் ஐந்து மீட்டர் கிடைத்தால், நடுவில் கதவு எதுவும் திறக்காத இடமாகப் பார்த்து, பாதி அளவில் அச்செடுத்த டார்கெட்டும், சாய்ந்த இரும்புத் தகடு வைத்த பெல்லட் பெட்டியும் போடலாம். அது முடியாவிட்டால் ட்ரை ஃபயர்.

கேள்வி: கடலுக்குப் பக்கத்து வீடு. கேட், கிரில், ஃபேன் எல்லாம் துருப்பிடிக்கிறது. பிஸ்டலை எப்படிக் காப்பாற்றுவது? ரேஞ்சுக்கு மெட்ரோவில் கொண்டுபோகலாமா? (வாசகர், திருவொற்றியூர்)

பிஸ்டலோடு வரும் ஸ்பாஞ்ச் பெட்டி எடுத்துப் போவதற்கு மட்டும்தான். உப்புக் காற்றின் ஈரத்தை ஸ்பாஞ்ச் உறிஞ்சி வைத்துக்கொண்டு, இரும்பு படும் இடத்தில் துருவாகத் திருப்பித் தரும். வீட்டில் மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில், நிறம் மாறும் சிலிகா ஜெல் ஒரு கைப்பிடியோடு வையுங்கள். நீலம் வெளுத்து ரோஸ் ஆனால் சூடு காட்டி உலர்த்திக்கொள்ளலாம். சுட்டு முடித்ததும் வியர்வை பட்ட இரும்புப் பாகங்களை எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள், துணி எண்ணெயில் ஊறியிருக்கக் கூடாது. சீல்களுக்குச் சிலிகோன் மட்டும். தையல் மெஷின் எண்ணெய் வேண்டாம். குழலைச் சுத்தம் செய்ய 500 ஷாட்டுக்கு ஒரு தரம், ஈயத்துக்குப் பதில் ஃபெல்ட் துணியாலான துப்புரவு பெல்லட் இரண்டு போதும். இரும்புக் கம்பி விட்டுக் குத்தினால் குழல் முனை போய்விடும். டப்பாவைப் பூட்டுங்கள், பெல்லட் வேறு அலமாரியில் இருக்கட்டும், சாவி பிள்ளைகள் கைக்கு எட்ட வேண்டாம்.

மெட்ரோவில் நுழைவாயிலிலேயே பையை ஸ்கேன் செய்வார்கள், திரையில் துப்பாக்கி வடிவம் தெரிந்தால் அன்றைய பயிற்சி அங்கேயே முடிந்தது. பைக்கிலோ ஆட்டோவிலோ போங்கள். பூட்டிய கெட்டிப் பெட்டி, உள்ளே பில் நகல், கிளப் அடையாள அட்டை. வெயிலில் நிறுத்திய காருக்குள் நிரப்பிய சிலிண்டரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

கேள்வி: எந்த பெல்லட் நல்லது? (வாசகர், வண்ணாரப்பேட்டை)

முன்பக்கம் தட்டையான ரகம். காகிதத்தில் வட்டமாகத் துளை போடும். கூர்முனை வேண்டாம். ஆர்.டபிள்யூ.எஸ்., எச் அண்ட் என், ஜே.எஸ்.பி. எல்லாம் 500 பெல்லட் டப்பாவில் வரும். பிஸ்டலுக்கு 0.45 முதல் 0.49 கிராம் வரை உள்ளதை எடுங்கள். 0.53 ரைஃபிளுக்கு. பயிற்சிக்கு மலிவு டப்பா போதும், விலை உயர்ந்ததை மணல் மூட்டைச் சோதனையில் உங்கள் குழலுக்கு எது ஒத்துவருகிறது என்று பார்த்த பிறகு வாங்கலாம். பெல்லட் ஈயம். வாயில் கவ்விக்கொண்டு லோடு செய்யும் பழக்கம் சிலருக்கு உண்டு, உடனே விடுங்கள். ரேஞ்சில் பஜ்ஜி, டீ வேண்டாம். வெளியே வந்து சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.